கூரைக்குக் கொஞ்சம் பனி

தலைமை ஏற்றிருக்கும் சலவைக்கூட முதலாளி ஐயா அவர்களே! கொதிகலனோடு நெடுநாள் குடித்தனம் நடத்தும் ‘புகை’ அண்ணன் அவர்களே! ஊரார் சட்டையின் சுருக்கத்தை நீக்கி நீக்கி, உங்கள் முகத்தின் சுருக்கத்தை மறந்துபோன தாய்மார்களே! மூன்றாம் மேசையில் நின்று துணி தேய்த்தே என்னைப் பட்டதாரியாக்கிய என் அம்மாவே! அனைவருக்கும் வணக்கம்.

நான் மேடைப் பேச்சுப் பேசுவதைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள் அத்தைகளே. சிரியுங்கள், கொஞ்சம் தைரியம் வருகிறது.

“அப்படி என்னத்தடி படிக்கிற?” என்று அம்மா ஒருமுறை கேட்டார். பூமியில் ஓரிடம் ஏன் சுடுகிறது, ஓரிடம் ஏன் குளிர்கிறது என்று படித்தேன். பூமியின் நடுக்கோட்டில் சூரியக் கதிர் நேராக விழுகிறது, சுடுகிறது. துருவத்திலோ சாய்ந்து விழுகிறது, பரந்து விழுகிறது, பலமிழந்து விழுகிறது! நிலம் சட்டென்று காயும், சட்டென்று ஆறும். கடல் நம் தண்ணீர்த் தொட்டி மாதிரி, எதற்கும் அவசரப்படாது. உயரப் போகப் போகக் குளிரும்.

அந்தக் கடைசி வரியில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

போன கோடையில், கூரைக்குக் கீழே இருக்கும் பலகைத் தளத்தைக் காட்டி, “மேசைய மேல் தட்டுக்கு மாத்தும்மா, குளுகுளுன்னு இருக்கும்” என்றேன். மேசையைத் தூக்கிய புகை அண்ணன், “மலை ஏறுறீங்களாக்கா? கம்பளி எடுத்துக்கிட்டீங்களா?” என்று கேட்டார். “எம் பொண்ணு படிச்ச பொண்ணுப்பா, தப்பா சொல்லுவாளா?” என்றார் அம்மா.

வெந்தது. இறங்கினாரா? இல்லை. வியர்த்தது. இறங்கினாரா? இல்லை. மகள் சொன்ன சொல் பொய்யாகக் கூடாதென்று நின்றார். நின்று நின்று மயங்கி விழுந்தார். கண் விழித்ததும் என்ன சொன்னார் தெரியுமா? “காத்துதான் கொஞ்சம் கம்மி. உன் படிப்பு மேல குத்தமில்லடி.”

புத்தகம் பொய் சொன்னதா? இல்லை அம்மா, நான் பாதிதான் படித்திருந்தேன். வெயில் தரையைச் சுடுகிறது. தரை காற்றைச் சுடுகிறது. அந்தத் தரையை விட்டு விலகினால்தான் குளிர்ச்சி. நம் கூடத்தில் வெயிலைக் குடிப்பது தரையா? தலைக்கு மேல் இருக்கும் கறுத்த தகரம்! நான் என் அம்மாவை மலைக்கு அனுப்பவில்லை, அடுப்பின் வாய்க்கு அனுப்பினேன்.

அம்மா கீழே வந்துவிட்டார். தகரம் மட்டும் இன்னும் எல்லோரையும் சுடுகிறது. பனி மூடிய நிலம் ஏன் எளிதில் சூடாவதில்லை? வெள்ளை, வந்த வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். வெயிலில் காயும் கறுப்புச் சட்டை, வெள்ளை விரிப்பு, எது தொட்டால் சுடும்?

“கறுப்பு!” என்கிறீர்கள். பார்த்தீர்களா, மூன்று வருடம் நான் படித்தது உங்கள் விரல் நுனியில் இருக்கிறது!

ஐயா, தேர்ச்சி பெற்றதற்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்டீர்கள். கைக்கடிகாரம் வேண்டாம். கூரைக்கு வெள்ளை அடித்துக் கொடுங்கள்.

“துருப்பிடிச்ச தகரத்துல நிக்குமாம்மா?” என்கிறார் ஐயா. சுரண்டிவிட்டு அடித்தால் நிற்கும் ஐயா. “அப்ப வர்ற ஞாயித்துக்கிழமையே அடிச்சிரலாம்!” என்கிறார். கை தட்டுங்கள் அத்தைகளே!

அங்கே யார்? அம்மாவா? “இந்தத் தடவையாவது முழுசா படிச்சியாடி?”

படிச்சுட்டேம்மா. ஏணியில முதல்ல நானே ஏறுறேன்.

கேட்ட காதுகளுக்கும் சிரித்த முகங்களுக்கும் நன்றி. இனி உங்கள் தலைக்கு மேல் இருப்பது நிழலாகவே இருக்கட்டும். வணக்கம்.