பெண் பார்க்க வந்த போன்

— காய்ந்த இலைகள். மணலில் பரப்பப்பட்டுள்ளன.

— காஞ்ச இலையா? உங்க போனுக்கு மூக்கு கிடையாதோ. அது கருவாடு.

— எனக்குக் கண்ணு இல்ல விஜிலா, இதுக்கு மூக்கு இல்ல. ரெண்டு பேரும் சேந்துதான் ஒரு ஆளு.

— சரி, இப்ப கோயில் பக்கம் திருப்புங்க. என்ன சொல்லுதுன்னு பாப்போம்.

— வெள்ளை நிறத் தேவாலயம். உச்சியில் சிலுவை. படிக்கட்டில் சிலர் அமர்ந்திருக்கிறார்கள். ஒரு பெண்மணி கைப்பையால் முகத்தை மறைத்தபடி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்.

— ஆத்தாடி, அது எங்க மெட்டில்டா அத்தை. ரெண்டு வீட்டு ஆளுகளும் அங்கன உக்காந்து நம்மளைத்தான் நோட்டம் விடுதாங்க. இம்புட்டுச் சரியாவா சொல்லும்?

— எங்கம்மாகூட இம்புட்டுச் சரியாச் சொல்ல மாட்டாங்க. 'வில்பிரடு, பொண்ணு முன்னால போனை நீட்டிக்கிட்டு நிக்காதல'ன்னு சொல்லித்தான் மணப்பாட்டுக்கே கூட்டிட்டு வந்தாங்க.

— நீட்டினா என்ன. இது வாரதுக்கு முன்னால என்ன செஞ்சீங்க?

— கேட்டுக்கிட்டே இருந்தேன். இது எந்த பஸ்சு, இது எந்த மாத்திரை, சட்டை கலர் என்னன்னு. மனுசங்களுக்கு அலுத்துரும்லா. பாவம், அலுப்பைக் குரல்ல மறைக்கத் தெரியாது. இதுக்கு அலுக்கவே அலுக்காது. ஹார்பர்ல இருக்க ஆபீசுக்கு இப்ப நான் தனியாத்தான் போயிட்டு வாரேன். போன வாரம் மீட்டிங்குக்குக் கிளம்புதேன், சட்டையில சாம்பார்க் கறைன்னு சொல்லி மானத்தைக் காப்பாத்துச்சு. இதை ஒரு மிஷினுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

— கேக்கவே சந்தோசமா இருக்கு.

— விஜிலா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. உங்களை ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா?

— வேண்டாம்.

— ஒண்ணே ஒண்ணு.

— வேண்டாம்ங்கேன்லா. வீட்டுலேர்ந்து அனுப்புன படம் இருக்கே. அதை இது பாத்துச்சா?

— பாத்துச்சு. இந்தா, நீங்களே கேளுங்க.

— நீலப் பட்டுப் புடவை அணிந்த இளம்பெண். மாசு மருவற்ற முகம். மெல்லிய புன்னகை.

— போதும், நிறுத்துங்க.

— ஏன், என்ன ஆச்சு?

— அது பொய். போன் சொல்லுத பொய் இல்ல, நாங்க சொன்னது. என் கன்னத்துல ஒரு தழும்பு இருக்கு. சின்னப் பிள்ளையில கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி கொட்டி வெந்தது. ஸ்டூடியோக்காரன் கம்ப்யூட்டர்ல தொடச்சுட்டான். அத்தைதான் தொடைக்கச் சொன்னாங்க.

— கண்ணு தெரியாதவனுக்கு அனுப்புத படத்துலயா?

— நானும் அதைத்தான் கேட்டேன். 'ஏளா, மாப்பிள்ளை பாக்க மாட்டாரு, அவரு போன் பாக்கும்'னாங்க. முன்னால வந்தவங்க என் மூஞ்சியைப் பாத்துட்டு, காப்பியைக்கூடத் தொடாம எந்திரிச்சுப் போனாங்க. அந்தப் பயம் அத்தைக்கு. நானும் வாயை மூடிக்கிட்டு இருந்துரலாம்னுதான் வந்தேன். ஆனா இது சொல்லுத ஒவ்வொண்ணையும் நீங்க அம்புட்டு நம்புதீங்க. அதுக்குள்ள ஒரு பொய்யை வைக்க எனக்கு மனசு வரலை. உங்களைப் பிடிச்சிருக்கு, அதான் சொல்லுதேன். வேண்டாம்னா இப்பமே சொல்லிருங்க.

— எந்தக் கன்னம்?

— எந்தக் கன்னமா இருந்தா என்ன?

— சொல்லுங்க விஜிலா. எந்தக் கன்னம்?

— இடது.

— அப்பாடா.

— என்ன அப்பாடா?

— சிலுவைத் திருநாளுக்கு இந்தக் கோயில் வாசல்ல எடுத்த படத்தை என் கூட்டாளி டெரன்ஸ் அனுப்பியிருந்தான். இது ஒவ்வொருத்தராச் சொல்லிக்கிட்டே வந்துச்சு. எல்லாரும் விறைப்பா நிக்காங்களாம். ஓரத்துல ஒருத்தி மட்டும், இடது கன்னத்துல தழும்போட, தலையைச் சாச்சு வாய்விட்டுச் சிரிக்காளாம். திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லுன்னு கேட்டுக்கிட்டே கிடந்தேன். அவ யாருன்னு டெரன்ஸ்கிட்ட விசாரிச்சுத்தான் உங்க வீட்டுக்கு ஆள் விட்டேன்.

— என்னையா?

— உங்களைத்தான். நீங்க அனுப்புன படத்துல தழும்பே இல்லன்னு இது சொன்னதுலேர்ந்து, பொண்ணை மாத்திட்டாங்களோன்னு எனக்குச் சோறு இறங்கலை.