ஏழாம் கட்டத்தில் நிற்கிறவள்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை போற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அக்காவும் தங்கச்சியும் இருந்தார்கள். அக்கா குவைத்தில் வீட்டுவேலை செய்து அன்றுதான் வந்திருந்தாள். மடியில் மகளுக்குக் கொண்டுவந்த கேம் பெட்டி.

“இதுக்குள்ள பழைய பெட்டிட கேம் கசட்டும் போகுது தங்கச்சி,” என்றாள்.

“சும்மா சொல்லாத.”

“ஓம். முதல் தரம் கொண்டுவந்தது செங்கல் மாதிரி, கறுப்பு வெள்ளை. அடுத்த தரம் கலர். இது மடிக்கிறது. நான் வேலை செய்யிற வீட்டுப் பிள்ளைக்குப் புதுசு வந்தா பழசு நமக்கு. அவன் முதல் பெட்டிட கசட்டை இதுல போட்டுக் காட்டினான். அப்படியே ஓடுது. எத்தின தரம் மாறியும் பழச மறக்கல்ல, பாரேன்.”

பெட்டியைத் திறந்து மூடிவிட்டுக் கேட்டாள்.

“மகள் என்னை மறந்திருப்பாளோ?”

தங்கச்சி சிரித்தாள். “அவள் ஆட்டத்துல ஓடுற ஆளுக்கு உன்ட பேரத்தான் வச்சிருக்காள். விழுந்து விழுந்து செத்தாய். இப்ப ஏழாம் கட்டத்துல நிக்கிறாய்.”

“நானோ?”

“நீதான். ஊரில ஒரு பிள்ளையும் அவ்வளவு தூரம் போகல்ல.”

அவர்களின் ஊரான குருக்கள்மடத்தில் பஸ் நின்றது. இறங்கச் சொல்லி கண்டக்டர் இரண்டு தரம் கூப்பிட்டார். அக்கா எழும்பவில்லை. பெட்டியைப் பார்த்தபடி இருந்தாள்.