காது மிஷினுக்குள்ள ஒருத்தன் பாடுறான்

இல்லம்மா, இல்லம்மா... பேட்டரியெல்லாம் நேத்துதான் மாத்துனேன். இது பேட்டரி கோளாறு இல்ல, ஆளு கோளாறு. இந்தக் காது மிஷினுக்குள்ள ஒருத்தன் பாடுறான்! இத நீயே வாபஸ் எடுத்துக்கோ, எனக்கு வேணாம்.

சிரிக்காதம்மா. உன் பேரு இன்னா, ஸ்வீட்லினா? நல்ல பேரு. கேளு ஸ்வீட்லின், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல முப்பத்தாறு வருசம் பிரஸ் மிஷின் ஓட்டுனவன் நானு. தகடு அடிக்கற சத்தத்துலயே காது போச்சி. போனா போவட்டும், தனியா கீற ஆளுக்குக் காது எதுக்குன்னு கெடந்தேன். பொண்ணு உடல. ஓசூர்லேர்ந்து வந்து, உங்க கடைக்கு இட்டாந்து, இத மாட்டி உட்டுட்டுப் பூட்டா. அன்னிக்கி சாயங்காலமே ஆரம்பிச்சிட்டாம்மா அவன்!

டீ போடறேன்... 'ம்ம்ம்ம்'னு ஒரு ராகம். சர்ச்சுல காணிக்கைப் பை சுத்தி வர்ற சொல்ல பாடுவாங்களே, அது மாதிரி. ஹாலுக்கு வந்தா ஹாலுக்கு வரான். பாத்ரூமுக்குப் போனா... சரி, அத உடு. 'எவன்டா அது?'ன்னு கத்துனா கப்சிப். சோறு துண்ண சொல்ல மூச்சே காட்டறதில்ல, அவ்ளோ மரியாதை! மிஷின கழட்டுனா ஆளே இல்ல.

மாடியில ஜாபஸ்னு ஒரு தம்பி, ஐ.டி.ல வேலை, குடி வந்து மூணு மாசம் ஆவுது. நேரா போயி கேட்டுட்டேன், 'இன்னாப்பா, பட்டப்பகல்ல கச்சேரியா?'ன்னு. 'அங்கிள், சத்தியமா நான் இல்ல'ன்னு கையெடுத்துக் கும்புடறான், பாவம். நம்புனனா நானு?

என் சம்சாரம் ஞானகுமாரிக்கும் இந்த வியாதி இருந்துச்சி. அவ போயி நாலு வருசம் ஆவுது. 'யோவ், இன்னாய்யா எப்பப் பாத்தாலும் மொனகிக்கினே கீற, நிறுத்துய்யா'ம்பா. நானா? என் வாயில பாட்டா? பைபிள் மேல கைய வச்சி சத்தியம் பண்ணேன். அப்பவும் நம்பல. சரி, இவளுக்குத்தான் காதுல எதுவோ ஆயிடுச்சின்னு ஆவடியில டாக்டராண்ட இட்டுகினு போனேன். அந்தாளு டெஸ்ட்டெல்லாம் பண்ணிட்டு, காது பர்ஸ்ட் கிளாஸா கீதுன்னாரு. டாக்டரே டூப்புன்னு திட்டிட்டு வந்தேன்!

இன்னா, இப்ப மாட்டிக்கணுமா? சரி... நீ உன் கம்ப்யூட்டர பாரு, எனக்கு அவசரமில்ல... ம்ம்... ம்ம்ம்ம்...

தோ! தோ, ஆரம்பிச்சிட்டான் பாரு! உனக்கும் கேக்குதா? கேக்குதுல்ல? இன்னாம்மா... எதுக்கு என் வாயக் காட்டுற?

இரு. இன்னொரு தபா... ம்ம்ம்...

அட ஆண்டவரே!

சத்தியம் பண்ணேனேம்மா. நல்லா இருந்தவள டாக்டராண்ட இட்டுகினு போனேனே! அத்தினி வருசமும் அவ சொன்னதுதான் நெசம். 'ஆமாண்டி குமாரி, நாந்தான்'னு ஒரே ஒரு வாட்டி ஒத்துகினு இருந்தா இன்னா கொறஞ்சி பூட்டிருப்பேன்? இப்ப ஒத்துக்கறேன், கேக்கத்தான் அவ இல்ல.

வாபஸா? யாரு கேட்டா வாபஸு? இது காதுலயே இருக்கட்டும்மா. சத்தத்த வேணா இன்னும் கொஞ்சம் ஏத்தி உடு. மொதல்ல அந்த ஜாபஸாண்ட மன்னிப்பு கேக்கணும். அப்பறம் வாசக்கதவ தொறந்து போட்டுகினு பாடப் போறேன். அவன் எறங்கி வந்து, 'நிறுத்துங்க அங்கிள், தாங்க முடியல'ன்னு சண்டை போடட்டும். நாலு வருசமா என்னிய யாருமே நிறுத்தச் சொல்லலம்மா.