ஹைட்ரஜன் காரும் ஆஸ்பத்திரிச் சலவையும்

ஹலோ... ஹலோ, சொல்லுங்க. எங்க இருக்கீங்க? ஆஸ்பத்திரியில இருந்து தலைமை நர்ஸம்மா ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாங்க. ஆபரேஷன் தியேட்டர் துணி இன்னும் வந்து சேரலையாம்... எங்க?... இன்னும் பங்க்லயா? காத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களா?... சரி, சரி. காத்து இல்ல, ஹைட்ரஜன். பேரை மாத்திச் சொன்னா அதுக்குக் கோவம் வந்துரும், தெரியும்.

ம்... ம்... என்னது ஒட்டிக்கிச்சா? எது எதோட ஒட்டிக்கிச்சு?... இருங்க, ஒண்ணும் கேக்கல.

(போனை விலக்கி) ஏய், அந்தப் பிழியற மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்கடி! வீட்டுக்காரர் பேசறார்.

ம், இப்ப சொல்லுங்க... பம்புக் குழாயோட மூக்கு கார்ல ஒட்டிக்கிச்சு... உறைஞ்சுபோச்சு... ஆமா... ஆமா. அவ்வளவு குளிராவா வருது அந்த வாயு? இந்த வெயில்ல வேர்த்து ஊத்திக்கிட்டு நின்னு, என் கார் பனியில உறைஞ்சுபோச்சுன்னு சொல்ற ஒரே ஆள் இந்த ஊர்ல நீங்கதான் மகராசா.

அஞ்சு நிமிஷத்துல நிரப்பிடலாம்னு எத்தனை தடவை பாடம் எடுத்தீங்க? கரண்டு கார் வச்சிருக்கிறவன் ஒயர்ல கட்டிப்போட்ட மாடு மாதிரி நிக்கணும், நமக்கு டீ குடிக்கிற நேரம் போதும்னு... இல்லைங்கல, நிரப்பறது அஞ்சு நிமிஷம்தான். கழட்டறது?... தானா இளகுமா. எப்ப?... அது பங்க்காரருக்கே தெரியாதா. கூப்பிடுங்க அவரை... சாப்பிடப் போயிட்டாரா. போகட்டும், அவருக்காவது நேரத்துக்குப் பசிக்குது.

சரி, அதுவரைக்கும் நீங்க சும்மாவா நின்னீங்க?... என்ன, குரல் இறங்குது?... இழுக்காதீங்க. ஏதோ பண்ணியிருக்கீங்க. சொல்லுங்க... எதைச் சுத்துனீங்க?... ஈரத்துணியையா?

ஐயோ. ஐயோ என் ராசா! பாய்லர் வால்வு இறுகிப்போனா ஈரத்துணி சுத்துவோம், ஆமா. அது கொதிக்கிற வால்வு! சூட்டுல பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுக்குக் குளிர்ச்சி குடுத்தா விட்டுக்குடுக்கும். அங்க இருக்கிறது பனியாச்சே! பனியில கொண்டுபோய் ஈரத்தைச் சுத்தினா?... அதுவும் உறைஞ்சுபோச்சு. உறையாம என்ன பண்ணும்?... எந்தத் துணி?... வார்டு விரிப்பா? நம்ம மூட்டையைப் பிரிச்சு எடுத்ததா? துவைச்சு, காயவச்சு, இஸ்திரி போட்டுக் கட்டின மூட்டையை?

(போனை விலக்கி) இஸ்திரி அக்கா, இதைக் கேளு. நீ காலையில மடிச்ச விரிப்பு ஒண்ணு கல்லு மாதிரி கார்ல தொங்குதாம். சிரிக்காத, வயிறு எரியுது.

ம், சொல்லுங்க... கத்தல. நான் எங்க கத்துறேன்? நீராவிச் சத்தத்துல பேசிப் பழகின தொண்டை, அப்படித்தான் கேக்கும்... இல்லைங்க, நான் புதுசுன்னாலே முகத்தைத் திருப்பிக்கிறவ இல்ல. புகை இல்ல, சத்தம் இல்ல, பின்னாடி குழாயில தண்ணிதான் சொட்டுது. பாத்தேன், சந்தோஷம்தான். அந்த டீசல் வேன் கக்கின புகை நாத்தத்துக்கு எத்தனை மூட்டையை மறுபடி துவைச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? ஆனா அது இருமும், முனகும், மேட்டுல நின்னு யோசிக்கும். ஒருநாளாவது பங்க்கைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு வரமாட்டேன்னு சொல்லியிருக்கா? அந்த வேனைக் குடுத்தாத்தான் இந்தக் காருக்குத் தள்ளுபடின்னு தள்ளிவிட்டீங்க.

...என்னது எதிர்காலம்?... சரி, அந்த வாயுவை எதுல இருந்து எடுக்கறாங்க? நீங்கதானே சொன்னீங்க... ஆமா, பூமிக்கடியில இருந்து வர்ற வாயுவைச் சுட்டு. அப்ப புகை போகுதுல்ல? நம்ம தெருவுல போகல, வேற எவனோ தெருவுல போகுது. அவனும் மூக்கு வச்சிருக்கான்... இனிமேதானா. சூரிய வெளிச்சத்துல கரண்டு எடுத்து, அதுல தண்ணியைப் பிரிச்சு... ம்... ம்... அமுக்கி, குளிரவச்சு, லாரியில ஏத்தி, பங்க்ல இறக்கி, கார்ல ஊத்தி, காருக்குள்ள மறுபடி கரண்டாக்கி... ஏங்க, காயவச்ச துணியை நனைச்சுத் திரும்பக் காயப்போடறதுக்குப் பேரு எதிர்காலமா? வழியெல்லாம் சிந்தினது போக மீதி எவ்வளவு வந்து சேரும்? கரண்டுதான் வேணும்னா வீட்டுச் சுவத்துல ஒரு பிளக் சும்மா கிடக்கு... நீண்ட தூரம் ஓடுற பெரிய லாரிக்கு உதவுமா? உதவட்டும், யார் வேண்டாம்னா? நாம ஓட்டறது நாலு தெரு தாண்டி ஆஸ்பத்திரிக்கு.

இருங்க. ஒரு நிமிஷம் இருங்க. நேத்து சாயங்காலம்தானே தொட்டி நிரம்ப நிரப்பிட்டு வந்தேன்னீங்க? இந்த வாயுவுக்கு ஊருக்கே ஒரு பங்க், அதுவும் ஆஸ்பத்திரிக்கு நேர் எதிர்த்திசையில. மூட்டையை ஏத்திக்கிட்டு இன்னைக்கு அங்க எதுக்குப் போனீங்க?... சும்மா ஒரு முன்னெச்சரிக்கைக்கா?... பின்னாடி யாரு அது? "கொஞ்சம் இடதுபக்கம் திரும்பி நில்லுங்க சார்"னு சொல்றது யாரு?

...விளம்பரத்துக்குப் படம் பிடிக்கிறாங்களா. கார்க் கம்பெனி ஆளுங்களா. ஓஹோ. நீங்க குழாயைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிற மாதிரி... ஒருதடவை பிடிச்சது சரியா விழலைன்னு திரும்ப மாட்டி, திரும்பக் கழட்டி, திரும்ப மாட்டி. உறையாம என்ன செய்யும், சொல்லுங்க? அதுக்கே அலுத்துப்போயிருக்கும்.

(குரல் தணிந்து) இங்க பாருங்க. கேலி எல்லாம் போகட்டும். இன்னொரு தடவை துணி லேட்டானா சலவையை வேற இடத்துக்குக் குடுத்துருவோம்னு போன வாரமே அந்த நர்ஸம்மா சொல்லிட்டாங்க. மத்தியானம் அங்க ஆபரேஷன் இருக்கு. இங்க இத்தனை பொம்பளைங்க வெந்துக்கிட்டு நிக்கிறோம், இந்த ஒரு ஆஸ்பத்திரியை நம்பித்தான். உங்க சிரிப்புக்கு அதையா குடுக்கறது?... அழுவாதீங்க. அங்க ஈரம் ஏற்கெனவே அதிகமா இருக்கு.

அது என்ன ஹாரன்?... வாயு கொண்டுவர்ற லாரியா. சரி, அது எதுல ஓடுது?... கேட்டுச் சொல்லுங்க, எனக்காக... டீசலா! (சிரிப்பு அடங்க நேரமாகிறது.) அம்மாடி... போனை அந்த டிரைவர்கிட்ட குடுங்க... குடுங்கன்னா குடுங்க. உங்க கௌரவம் உறைஞ்சு பத்திரமா இருக்கு, எங்கயும் போகாது.

ஹலோ, வணக்கம்ணே. நான் அந்தக் கார்க்காரர் வீட்டுலதான் பேசறேன்... ஆமாண்ணே, அந்த விரிப்புக்காரரேதான். சிரிங்க, பரவாயில்ல. அண்ணே, வாயுத் தொட்டியை அங்க கழட்டி வச்சுட்டு, அதை இழுத்துட்டு வந்த வண்டித்தலை மட்டும்தானே வெளிய போகும்?... நல்லதாப் போச்சு. பெரிய ஆஸ்பத்திரி வழியாவா போவீங்க?... வெளிச்சரக்கு ஏத்தக்கூடாதா. நியாயம்தான், உங்க வேலைக்கு உலை வைக்க நான் கேக்கல... இல்லண்ணே, சரக்குன்னு இல்ல. பச்சைத் துணி, நாலு மூட்டை, பிளாஸ்டிக் உறை போட்டிருக்கு. அங்க ஆஸ்பத்திரியில ஒரு ஆளு வயித்தைக் கிழிக்கப்போறாங்கன்னு வெறும் வயித்தோட படுத்திருக்கும். மேல போத்த இந்தத் துணிதாண்ணே போகணும்... ஆமாண்ணே... ஆமா... உங்க வீட்டுலயும் ஒருத்தரா? எப்ப?... நல்லாயிட்டாங்கல்ல? நல்லா இருக்கட்டும்.

...ரொம்ப நன்றிண்ணே. பின்வாசல்ல போங்க, மருந்து இறக்குற மேடை இருக்கும். நர்ஸம்மாவையே அங்க நிக்கச் சொல்றேன். போனைக் குடுங்க அவர்கிட்ட.

ம், கேட்டீங்களா? உறை போட்ட பச்சை மூட்டை நாலையும் லாரியில ஏத்துங்க. வார்டு துணி சாயங்காலம் போனாப் போதும், நான் சொல்லிக்கிறேன்... நீங்களா? நீங்க எதுக்கு? பக்கத்துல இருக்கிறது ஒரே சீட்டாம். அதுல மூட்டை உட்காரட்டும், அதுக்கு வேலை இருக்கு... ஏத்தியாச்சா? கதவைச் சாத்தினாரா?... அப்பாடா.

இப்ப என்ன?... படக்காரர் கடைசியா ஒரு வரி கேக்கறாரா? என்ன வரி?... "எங்க தொழிலே இந்தக் காரை நம்பித்தான் ஓடுது." சொல்லுங்க. நல்லா வாயைத் திறந்து சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க. நம்ம துணியை ஏத்திக்கிட்டுப் பின்னாடி அந்த டீசல் லாரி போறது மட்டும் படத்துல விழாமப் பாத்துக்கச் சொல்லுங்க... வைக்கிறேன், நர்ஸம்மா கூப்பிடறாங்க.