வெளியே போன பந்து

கேம்ப் பகுதியில் நான் ஏறிய பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு அக்காவும் தம்பியும். காலை மடக்க முடியாமல் தம்பி நடைவழியில் நீட்டியிருந்தான்; அவன் ஃபுட்பால் பூட்ஸ் பை அக்கா மடியில்.

“நேத்து பெரிய டீம் செலக்ஷன் மேட்ச்ல, வெளிய போன பந்தை நான் எடுத்துட்டு வர்றதுக்குள்ள அவங்க வேற பந்துல ஆடிட்டிருந்தாங்கக்கா.”

“நீ ஏன்டா எடுக்கப் போன?”

“நம்ம மூணாவது டிவிஷன் டீம்ல ஒரே பந்துதானே? சாக்கடையில விழுந்தா நாமதான் எடுக்கணும். அந்த நேரத்துல எல்லாரும் தண்ணி குடிச்சு மூச்சு வாங்கிப்போம். பெரிய டீம்ல ஒரு பந்து போனா உடனே அடுத்த பந்து வந்துடுது. நிக்கவே விடமாட்டேங்கறாங்க. அதான் காலு இப்படிப் பிடிச்சுக்கிச்சு.”

“கோச் திட்டினாரா?”

“சிரிச்சாரு. ‘மேட்ச் முடியற நேரம், மத்தவனெல்லாம் இடுப்புல கை வச்சிட்டான். நீ வெளிய போன பந்துக்குக் கூட ஓடுற. நாளைக்கும் வா’ன்னாரு.”

நிறுத்தம் வந்தது. கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினான். கண்டக்டர் மராத்தியில் அவசரப்படுத்தினார்.

“இந்தக் காலை வச்சுக்கிட்டா ஆடப்போற?” என்றாள் அக்கா, பின்னாலேயே இறங்கிக்கொண்டு.

“படி இறங்கறதுதான்க்கா கஷ்டம். ஓடிடுவேன்.”