இரண்டாவது வண்டி

தேநீர் நன்றாகத்தான் இருக்கிறது இன்ஸ்பெக்டர் ஐயா, சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல். ஜாக்கியில் எண்ணெய் ஒழுகியது என்று காலையில் சொன்னேனே, அதைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். அது நல்ல ஜாக்கி. அதன்மேல் பழி போடுவது சரியில்லை.

அந்தப் பந்தயக் காரை உங்கள் ஆட்கள் பார்த்திருப்பார்கள். வெள்ளி நிறம், சுருட்டு மாதிரி நீளம், ஒரே ஓர் இருக்கை. அறுபது வருடத்துக்கு முன்னால் ஒரு வெல்டர் தன் வீட்டுக் கொட்டகையில் பழைய வேன் எஞ்சினையும் இரும்புக் குழாய்களையும் வைத்துச் செய்தது. வரைபடம் கிடையாது. அவர் இறந்தபின் அவர் மகளிடம் நடையாய் நடந்து வாங்கினேன். பழைய கார்களுக்கான பந்தயங்களில் பதினான்கு வருடமாக ஓட்டுகிறேன். ஜெயித்தது இரண்டே முறை. ஆனாலும் பளபளக்கும் மற்ற கார்களை விட்டுவிட்டு எல்லாரும் இதைச் சுற்றித்தான் நிற்பார்கள். இந்த மாதிரி இன்னொன்று எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். எங்கேயும் இல்லை என்பேன். அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை.

என் மச்சினன் லேத் பட்டறை வைத்திருந்தான். வண்டியில் எது தேய்ந்தாலும் அவன்தான் கடைந்து கொடுப்பான். போன மாதப் பந்தயத்தில் ஒரு வளைவில் வண்டி வழுக்கி, இரண்டு சக்கரத்தில் எழும்பி, மறுபடி தரைக்கு வந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்த்துக்கொண்டிருந்த என் மனைவிதான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தம்பியிடம் என்ன சொன்னாளோ, அடுத்த வாரம் அவன் ஒரு நோட்டும் அளவு நாடாவுமாக வந்து நின்றான்.

"மாமா, கவுந்தா தலையக் காப்பாத்த இதுல ஒரு கம்பிகூட இல்ல. இதே மாதிரி இன்னொண்ணு, வெளிய தெரியாம கம்பி வெச்சு, நான் செஞ்சு தரேன். பக்கத்துல பக்கத்துல நிறுத்தினா உங்களுக்கே வித்தியாசம் தெரியாது. பந்தயத்துக்கு அத எடுத்துக்குங்க, இது பத்திரமா வீட்ல இருக்கட்டும்."

உங்களுக்கே வித்தியாசம் தெரியாது என்றான். அதைப் பல நாள் யோசித்தேன். வேண்டாம் என்று மூன்று முறை சொல்லியும் பார்த்தேன். அவனுக்குச் சிரமம் கொடுக்கக் கூச்சப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். தங்கமான மனிதன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு அடியில் படுத்துக் கடைசி அளவுகளை எடுத்தான். முட்டுக்கொடுத்திருந்த இரண்டு ஸ்டாண்டுகளும் அச்சை மறைப்பதாகச் சொல்லி அவனே நகர்த்தச் சொன்னான். நகர்த்தினேன். ஜாக்கி மட்டும் வண்டியைத் தாங்கியது. ஜாக்கியை இறக்கும் திருகாணியைக் கால் சுற்று மட்டும் திறந்தேன். சட்டென்று விட்டால் அடித்தகடு நெளிந்துவிடும்.

"மாமா, ஜாக்கி இறங்குது, பாருங்க" என்றான்.

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து வண்டியைத் தூக்கி, டார்ச் அடித்துத் தகட்டைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. நோட்டைக் கழிவு எண்ணெய் டிரம்மில் அமுக்கினேன். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

என் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இதையெல்லாம் அவளிடம் அப்படியே படித்துக் காட்டலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. அவளுக்கு இருந்தது ஒரே தம்பி. ஒன்றே ஒன்றாக இருப்பதன் அருமை அவளுக்குத் தெரியும். என்னைப் புரிந்துகொள்வாள்.