பங்காளி மாப்பிள்ளை

செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு அக்காளும் தம்பியும்.

“மாப்ள நமக்குப் பங்காளியா பூட்டான்க்கா,” என்றான் தம்பி.

“இன்னாடா ஒளர்ற? அடுத்த மாசம் உம் பொண்ணுக்குக் கல்யாணம்.”

“பத்திரிகைல முப்பாட்டன் பேரு போட்டா கெத்தா இருக்குமேன்னு மாதா கோயில்ல பழைய ஞானஸ்நானப் புஸ்தகத்தப் பாத்தேன். நம்ம முப்பாட்டனும் மாப்ள வூட்டு முப்பாட்டனும் கூடப் பொறந்தவங்க. ஒரே அப்பா, ஒரே அம்மா பேரு போட்டுக்கீது.”

“அப்ப அவன் நம்ம புள்ளைக்கு அண்ணன் மொறையா? சாமியாரு இன்னா சொன்னாரு?”

“இவ்ளோ தூரத்து ஒறவுக்குக் கோயில்ல தடையில்லியாம். தாராளமா கட்டலாம்னாரு. நம்ம சனம் ஒத்துக்குமாக்கா?”

அக்காள் தம்பி பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“அவ கேட்டது புருஷன. நீ செத்தவங்கள எழுப்பி ஒரு அண்ணனக் கூட்டிக்கினு வந்து நிக்கிற. வேற யாருகிட்டனா சொன்னியா?”

“இல்லக்கா.”

“அப்ப முப்பாட்டன வுட்டுட்டு, தாத்தா பேரு வரைக்கும் போட்டு பத்திரிகை அடி. அதுங்க ரெண்டும் ஆசப்பட்டுதுங்க, நல்லா இருக்கட்டும்.”

சொல்லிவிட்டு மெல்லப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.